நாலாவது காலில் தாமரை

அன்பு மாப்பிள்ளை,

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உலக யுத்தமும் முடிந்துவிட்டது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து நீ ஓட்டிய பஸ் மறுபடியும் பெட்ரோலுக்கு மாறப்போகிறதாம். இனிமேல் திண்டிவனத்தில் இறங்கும்போது சட்டை வெள்ளையாகவே இருக்கும்.

இந்தச் சேதியைச் சொல்ல மட்டும் நான் எழுத உட்காரவில்லை. அந்த நாலாவது காலில் நீ என்னதான் நினைத்தாய்?

மாதாவுக்கு மாலை கட்டத் தோட்டத்தில் ஒரு முல்லைப் பந்தல் வேண்டும் என்று என் தங்கை அஞ்சலை உன்னிடம் கேட்டாள். மூன்று பந்தல் கால்களை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாய். வேப்பமரத்தை நிழலில் காயப்போட்டு இழைத்தாய். தலைப்பக்கம் சுற்றிலும் தாமரை செதுக்கினாய். மண்ணில் இறங்கும் அடிப்பக்கத்தைக் கரையான் ஏறாதபடி வண்டிக் கரியிலேயே சுட்டுக் கருக்கினாய். டிரைவருக்கு எதற்கு இந்த வேலை என்று கேலி செய்த நான், அவற்றை நட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

நாலாவதை அந்தக் கடைசிக் காய்ச்சலோடு செதுக்கினாய். அதில் மட்டும் தாமரை மரத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மரம் வளர்ந்த வாக்கில் நட்டால் பூ குழிக்குள் போய்விடும். பூவை மேலே வைத்தால் மரம் தலைகீழாகிவிடும். கொடியோ அந்த மூலையில் தாங்கக் கால் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசாரியை அழைத்து வந்து காட்டினேன்.

"வேர்ப்பக்கம் மேல போற மாரி எவனும் கால் நட மாட்டான். பூவ அறுத்துட்டு, அந்தாண்ட புதுசா செதுக்கித் தரேன்" என்றார்.

அஞ்சலை அந்தக் காலின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "அறுக்கக் கூடாது. அவரு தெரியாம செய்ய மாட்டாரு."

"காய்ச்சல்ல பக்கம் மாறியிருக்கும்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப அன்னிக்கே அவருக்கு நெனவு தப்பிடுச்சா? கஞ்சிய வச்சிக்கினு பக்கத்துலதான நின்னேன். எனக்கு ஏன்ணா தெரியல?"

அன்று நானும் வந்தேனே. உளியை நிறுத்தாமல் "வா மச்சான்" என்றாய். தெளிவாகத்தான் இருந்தாய் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. கண் அப்படிச் சிவந்திருந்ததே என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. வேண்டுமென்றே செய்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

கடைசியில் அடிப்பக்கத்தைக் கீழேதான் வைத்தேன், ஆனால் மண்ணில் புதைக்கவில்லை. கல்தச்சரிடம் நடுவில் பள்ளம் வெட்டிய கல் ஒன்று வாங்கி, அதில் காலை நிறுத்தினேன். தாமரை தரைக்குச் சற்று மேலே தெரிந்தது. கொடியும் ஏறி உட்கார்ந்தது.

அஞ்சலை வந்து பார்த்தாள். "இன்னாண்ணா, இது மட்டும் பூ கீழ இருக்குது?"

"மாலை கட்ட நீ இங்கதான உக்காருவ. ஒனக்குக் கை எட்டட்டும்னு மாப்ள அப்டி செதுக்குனாரு. எங்கிட்ட சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

"நெஜமாவா?"

"ஆமாம்மா."

அவள் அந்தப் பந்தல் காலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தானாகத் தாமரை மேல் விழுந்தது. உன்னை அடக்கம் செய்ததற்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, பசிக்கிறது என்றாள்.

நான் சொன்னது பொய்தான். ஆனால் அவள் கை அங்கே இருந்த விதத்தைப் பார்த்ததிலிருந்து, அது பொய்தானா என்றே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. என்றைக்காவது அவள் அங்கே வந்து கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடு, மாப்பிள்ளை. இங்கே நான் சாகும்வரை பேச்சை மாற்ற மாட்டேன்.

அஞ்சலைக்கு அண்ணனும்
உனக்கு மச்சானும் ஆனவன்