அப்பாவின் சைக்கிளுக்கு இரண்டு பைகள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பா நலம், ஹாலில் நிற்கும் சைக்கிள் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீயும் உன் கிரேனும் எப்படி இருக்கிறீர்கள், ஏணியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் அப்பா சைக்கிளுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் முணுமுணுத்தால்கூடக் காதில் விழும், இதுவோ அவர் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அடுப்படியில் நின்றுகொண்டு எழுதுகிறேன், கேட்டால் மளிகைச் சாமான் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் நீ, "அப்பாவுக்கு வரணும்னு இருந்தா வரட்டும்மா, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்" என்றாயே, அதை ஒரு எழுத்து மாறாமல் அவரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளை இழுத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எங்கே என்றேன், உன் ஊருக்காம். பஸ் ஏறினால் ஒரே ராத்திரியில் போய்விடலாமே, இந்த வயதில் இதென்ன கூத்து என்றேன். "பஸ்ல போனா அவ கூப்பிட்டதும் ஓடி வந்த மாதிரி இருக்கும். சைக்கிள்ல போனா, இந்தப் பக்கமா போயிட்டிருந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்னு சொல்லிக்கலாம்ல" என்றார். நீ கிரேன் ஓட்டக் கிளம்பிய அன்றைக்கு, இனி உன் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று குதித்தாரே, அந்த வார்த்தை இப்போது தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறார். பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

எங்கேயோ போகிறவன் என்றால் பார்வைக்கும் அப்படி இருக்க வேண்டாமா, அதனால் பை வேண்டும் என்றார். பிடித்தது சனி. முதலில் பழைய கேரியரில் துணிப்பையைக் கயிறு போட்டுக் கட்டினார், தெருமுனை திரும்புவதற்குள் பை சரிந்து சக்கரக் கம்பிக்குள் மாட்டி, எதிர் வீட்டு நர்ஸம்மா வந்து தூக்கிவிட்டாள். அடிபட்டதா என்று அவள் கேட்டதற்கு, இந்தக் கேரியர் பாரம் தாங்காது என்று பதில் சொல்லியிருக்கிறார். அப்புறம் சைக்கிள் கடைக்காரர் உயிரை எடுத்து, கனமான இரும்பு கேரியர் ஒன்றைப் பின்னால் பூட்டி, இரண்டு பக்கமும் தொங்குகிற பைகள் வாங்கி வந்தார். மிதித்தால் குதிகால் பையில் இடிக்கிறது, உன் அப்பா பாதம்தான் உனக்குத் தெரியுமே. பைகளைப் பின்னுக்குத் தள்ளினார், ஏறி உட்கார்ந்ததும் முன்சக்கரம் மேலே எழும்பிவிட்டது. சரி, முன்னாலும் ஒரு கேரியர். இப்போது சைக்கிள் வாசல் கதவுக்குள் நுழையாது! ஹாலுக்குள் வைத்தே எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, வெளியே எப்படிக் கொண்டுபோவது என்று கதவு நிலையை ஸ்கேல் வைத்து அளக்கிறார். முன் கேரியரைக் கழற்றியதும் இப்போது உரசிக்கொண்டு வெளியே போகிறது, பைகளை மட்டும் கழற்றமாட்டாராம். மழைக்குத் தாங்குமா என்று பார்க்க ஒரு பையைக் குளியலறைக் குழாய்க்கு அடியில் வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார், அன்றைக்கு நான் நர்ஸம்மா வீட்டில் போய்க் குளித்தேன்.

பைக்குள் என்ன தெரியுமா, வலது பையில் நீ விட்டுவிட்டுப் போன உன் மேசை விசிறி. அது ஓடாமல் உனக்குத் தூக்கம் வராது என்பதை மறக்கவில்லை மனுஷர், இரண்டு துண்டில் சுற்றிக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்திருக்கிறார். சைக்கிளில் போகிறவனுக்கு மேசை விசிறி எதற்கு என்று உங்கள் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "வழியில புழுக்கமா இருக்காதா" என்கிறார். ஆயுசெல்லாம் பார்சல் ஆபீசில் எடை போட்டவர் இல்லையா, வலப்பக்கம் இருக்கிற எடை இடப்பக்கமும் இருந்தே ஆக வேண்டும். இடது பையில் போட என் அம்மிக் குழவியைத் தூக்கினார், நான் பத்ரகாளி ஆகிவிட்டேன். கடைசியில் செங்கல் வைத்திருக்கிறார். பெற்ற மகளைப் பார்க்கப் போகிறவர் செங்கல் கொண்டு போகிறார், இதை நான் யாரிடம் சொல்லி அழுவது.

வார் போட்டு இறுக்குகிற பைதான் வேண்டும் என்று கடைசிவரை அடம்பிடித்தார். கொக்கி வைத்த பையை எடுக்க வைத்தது நான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் ஒத்திகை பார்க்கிறேன் என்று கிளம்பி, தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பி வந்து, மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். அதோடு தெளிந்துவிடும் என்று நினைத்தேன். நேற்று பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணன் வர்ற சனிக்கிழமை பஸ்ஸுக்கு மேல சைக்கிள் ஏத்த இடம் கேட்டிருக்காரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றார். உன் ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து மிதித்துக்கொண்டு வருவாராம். முகத்தில் பூசிக்கொள்ளக் கொஞ்சம் புழுதியும் எடுத்துப் போகிறாரோ என்னவோ, ஒரு டப்பாவைக் காணவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இரு. ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார், உள்ளே கூப்பிடாதே, கூப்பிட்டால் முறுக்கிக்கொள்வார். எங்கேப்பா போறீங்க என்று மட்டும் கேள், ஏதோ ஓர் ஊர்ப் பெயரைப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார், அங்கே நமக்கு ஒரு ஈ காக்கை கிடையாது, சிரித்துத் தொலைக்காதே. பழைய பேச்சை எடுக்காதே. பை நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க என்று கேள், அப்புறம் அவரை நிறுத்த உன்னால் முடியாது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பைகளையும் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடு. கொக்கியை மேலே தூக்கி இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், அதற்குத்தான் கொக்கிப் பை. செங்கல் இருக்கிறதே, கனக்குமே என்று யோசிக்காதே, நீ தூக்காத பாரமா. ஒரு மாதமாக அந்தப் பைகளை விட்டு அவர் அந்தண்டை இந்தண்டை நகர்ந்ததில்லை, பை எங்கே போகிறதோ பின்னாலேயே வந்துவிடுவார், வாசற்படி காலில் பட்டதுகூட அவருக்குத் தெரியாது.

நீ நல்லா இருக்கணும், உன் கையில் தூக்குகிற எதுவும் நழுவாமல் இருக்கணும். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்த விசிறியைப் போட்டுவிடு, வேர்த்திருக்கும். எனக்கு உடனே போன் பண்ணு, பேசக்கூட வேண்டாம், விசிறிச் சத்தம் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஹாலில் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்து பாதியாக இளைத்துவிட்ட
உன் அம்மா