கமெனிட்சாவில் செம்பு பிறந்த நாள்

மே 4
இந்த முறையும் தோல்வி. குழிக்குள் மண்சட்டி, சட்டிக்குள் செம்புத் தாதுவான பச்சைக்கல், சுற்றிலும் கரி. நாங்கள் ஆறு பேர் குழல் வைத்துக் கன்னம் வலிக்க ஊதினோம். வந்தது கறுப்புத் தூள். ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுத்தே இல்லாத ஆட்கள் இதே ஊரில் செய்ததை, தொல்லியலில் டாக்டர் பட்டம் வாங்கிய என்னால் செய்ய முடியவில்லை.

மே 9
மேயர் ரத்தோமிர் வந்தார். 'உலகின் முதல் செம்பு, நம் கமெனிட்சா' என்று பேனரே அடித்துவிட்டாராம்.

"பதினேழாம் தேதி ஊர்த் திருவிழா அன்னைக்கு அமைச்சர் முன்னாடி செம்பு வரணும், டாக்டரம்மா. வரலைன்னா நீங்க தோண்டுற எடம் பார்க்கிங்தான்."

எல்லைக்கு அந்தப் பக்கம், பல்கேரியாவில் தோண்டும் ஸ்டோயன்காவும் முதல் செம்பு தங்களுடையது என்கிறாள். மேயர் அவளையும் அழைத்திருக்கிறார், வயிறெரியட்டும் என்று.

மே 15
பேராசிரியர் ஜிவோயின் என் காதைக் கடித்தார். "ரக்கியா சாராயம் காய்ச்சுற பழைய கொப்பரை ஒண்ணு வீட்ல ஓட்டையா கெடக்கும்மா. அதுவும் செம்புதானே."

முறைத்தேன். முப்பது வருஷம் ஆய்வு நேர்மை பற்றி வகுப்பெடுத்த மனுஷன்! "நான் ஒண்ணும் சொல்லலியே" என்று நழுவிவிட்டார்.

இந்த ஊரில் ஓட்டைக் கொப்பரை இல்லாத வீடு ஏது? என் கொல்லையிலும் கிடக்கிறது.

மே 16
இல்லை. செய்ய மாட்டேன்.

மே 17
செய்தேன். கரி போடும் சாக்கில் ஒரு துண்டு. எட்டு வருஷம் இந்த அகழாய்வுக் குழியில் முட்டி தேய்ந்திருக்கிறேன் — அது மேல கார் நிறுத்த விட்டுடுவேனா?

சட்டியை உடைத்தோம். ரொட்டி அளவுக்கு ஒரு கட்டி! ஊரே கைதட்டியது. அமைச்சர் ரக்கியாக் கோப்பையை உயர்த்தினார். பேராசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேயரும் பார்க்கவில்லை. அடப்பாவிகளா, மூணு பேருமா?

ஸ்டோயன்கா கட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு கை கல்லுதானே போட்டீங்க? கல்லைவிடச் செம்பு கனமா இருக்கே. எங்க ஊர்ல இப்படி வராது."

"கைப்பக்குவம்" என்றார் மேயர்.

ஜூன் 2
அனுமதி நீட்டிப்பு வந்துவிட்டது. கட்டி மேயர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

செப்டம்பர் 21
காற்று அதிகம் போனதுதான் கோளாறு என்று இப்போதுதான் உறைத்தது. சட்டியைக் கரியால் மூடி, நிதானமாக ஊதினோம். கறுப்புக்கு நடுவே ஒரு மணி, பட்டாணி அளவு. நிஜமான செம்பு. அழுதேவிட்டேன்.

மேயரிடம் ஓடினேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா, டாக்டரம்மா? போன தடவ ரொட்டி கணக்கா வந்துச்சே."

கரி ஈரம் என்றேன்.