குழவிக்கு உடைத்த தேங்காய்

வடக்குப்பட்டு,
ஐப்பசி 12.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா ரகுபதி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனசு வரவில்லை.

உன் தம்பி எழிலரசன் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஓ.டி. பார்க்கிறான் என்றேன். அது பொய்யம்மா. உண்மையைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அவனுக்கு இரண்டு கையும் போய்விட்டது.

அவன் கம்பெனியில் பழைய இரும்பை உருக்குகிறார்கள் அல்லவா? கப்பலில் வந்த ஸ்கிராப்பில் துருப்பிடித்த இரும்பு ஒன்று, பார்க்க ஆட்டுக்கல் குழவி மாதிரியே கிடந்ததாம். பையன்களும் குழவி என்றே பேர் வைத்து, ஷெட் கதவு ஆடாமல் இருக்க அண்டை கொடுத்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தவர்கள், இதுவும் நம்மோடு உழைத்ததுதானே என்று புளி போட்டுத் தேய்த்துச் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார்கள். எழில் அதன் தலையிலேயே தேங்காயை உடைத்தான்.

பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் நூறு வருஷத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டபோது, வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டாம் அது. போலீஸ்காரர் சொன்னார். முனை மட்டும் வெடித்ததால் உயிர் தப்பியதாம், அதிர்ஷ்டமாம்.

பிரான்ஸில் நீ இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க்கில் டிராம் ஏறி ஜெர்மனிக்குப் போய்க் காய்கறி வாங்குகிறேன், யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்று நீ சிரித்தாய். அவர்கள் ராசியாகிவிட்டார்கள். நன்றாக இருக்கட்டும். எவன் வீட்டுச் சண்டைக்கோ என் பிள்ளை கையைக் கொடுத்தான்.

இப்போது சாப்பிட மாட்டேன் என்கிறான். அம்மா ஊட்டப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். நான் கெஞ்சியதற்கு, "இன்னொருத்தர் கையால எத்தினி நாளுப்பா துன்னுகினு கீறது? வுட்டுடு" என்றான். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துவிட்டது.

சின்ன வயதில் அம்மா நடவுக்குப் போனால், நீ உருட்டிக் கொடுத்தால்தான் வாயைத் திறப்பான். அக்காவுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டான். கையில் அடித்துக் கொடுக்காத சத்தியம் சத்தியமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு மீறுகிறேன்.

லீவு கேட்டு வந்துவிடு. வரும்வரை தினமும் போன் பண்ணு. நான் அவன் காதில் வைத்துப் பிடிக்கிறேன். "வாயைத் திறடா" என்று ஒரு தடவை சொல், போதும்.

உன் இரண்டு கையும் நன்றாக இருக்கட்டும் தாயே.

இப்படிக்கு,
அப்பா.