சுயின்ஷிக்குப் போன வோல்கா

மே 12, ஞாயிறு

காலையில் என் பழைய வோல்கா கார் கிளம்ப மாட்டேன் என்றது. மூடியைத் திறந்து, கை கருப்பாகிற வரை நோண்டினேன். என் வீட்டுக்காரர் தொக்தார் ஜன்னலோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"உன் ரெண்டாவது புருஷனுக்கு இன்னிக்கும் கோபமா?"

"முதல் புருஷன் மாதிரிதான். ரெண்டு தட்டு தட்டினாத்தான் அசையும்."

பிறகு கிளம்பியது. மைதானத்தில் பழைய கார் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். வழக்கமான சண்டை: தயாரிப்பு நின்றுபோன வண்டிகளில் எது திரும்ப வரவேண்டும்? விக்டருக்கு ஸப்பரோஷெட்ஸ் வரவேண்டுமாம். "பின்னாடி இன்ஜினை வச்ச வண்டியை முன்னாடி கூப்பிடாதே"ன்னு எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போல வோல்கா என்றேன். முன்னிருக்கை சோபா மாதிரி நீளமாக, மூன்று பேர் தோளோடு தோள் உட்கார்கிற மாதிரி, என்னுடைய இருபத்துநான்காம் நம்பர் மாடல். அதை அப்படியே திரும்பச் செய்தால் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பேன்.

சங்கத் தலைவன் கைசார் என் வண்டியின் கதவை வழக்கம்போல நாலு முறை திறந்து மூடினான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். தொக்தாருக்கு அவன் தாய்மாமன் முறை. நாற்பது வயதுப் பயல், அந்த உரிமையில் ஐம்பத்தாறு வயதான என்னை 'மருமகளே' என்பான். வாய்க்கொழுப்பு.

மே 16

மருத்துவமனையில் என்னிடம் பல் பிடுங்கப் பயந்த ஒரு ஆளை வெளியே கூட்டிப்போய் வோல்காவைக் காட்டினேன். திரும்பி வந்து தானாக வாயைத் திறந்தான்.

மே 22

எழுதவே கை வரவில்லை.

இன்று சங்கத்தார் எல்லோருக்கும் வீட்டில் சாப்பாடு. மாவுத்துண்டும் இறைச்சியுமாகப் பெஷ்பர்மாக் தட்டு நடுவில், எல்லோரும் சுற்றி. கைசார் மட்டும் வரவில்லை. திடீரென்று வாசலிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தான்: "சுயின்ஷி! சுயின்ஷி! வோல்கா மறுபடியும் வருதாம்! அறிவிச்சுட்டாங்க!"

எங்கள் கசாக் வழக்கத்தில் நல்ல சேதி கொண்டுவருகிறவன் 'சுயின்ஷி' என்று பரிசு கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? "வேண்டியதை எடுத்துக்கோ!" வாய் தானாகச் சொல்லும். சொன்னேன். கண்ணில் தண்ணீரோடு, எழுந்து நின்று சொன்னேன். அதற்கு ஒரு சட்டைத்துணியோ சாக்லேட் பெட்டியோ எடுத்துக்கொள்வதுதானே உலக வழக்கம்?

"அப்போ வெளியில நிக்கிற வோல்கா" என்றான்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்குத் தெரியும். ஆனால் விக்டர் சும்மா இருந்தானா? "பகிலா குடுக்க மாட்டா, பாரு. அதுக்கு அவ மறுபடி பொறக்கணும்"னு ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ — சாவியை எடுத்து கைசார் கையில் வைத்து அழுத்திவிட்டேன். சிரிப்பு நின்றது.

என்ன காரியம் பண்ணிட்ட, பகிலா? நாக்குக்கு எலும்பு இல்லன்னா கைக்குமா இல்ல?

மே 23

புது வோல்காவின் படத்தைப் பார்த்தேன். அதுவா வோல்கா? முகத்தில் பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. உடம்பு முழுக்கச் சீனாக்காரன் வண்டி. வழவழவென்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் வீட்டு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதற்காகவா கொடுத்தேன்.

மே 25

கைசார் சாவியோடு வந்தான். தலையைத் தொங்கப்போட்டிருந்தான். "மருமகளே, சேதியே அரைகுறைச் சேதி. இந்தா, வாங்கிக்கோ."

வாங்கியிருக்கலாம். கை நீளவில்லை. "குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிட்டவள்னு எனக்குப் பேர் வேணாம், மாமா. எடுத்துட்டுப் போ."

"இப்படியும் ஒரு பிடிவாதமா?"

"இப்படித்தான்."

அவனுக்கும் கோபம் வந்தது. "சரி, அப்போ என் வண்டி. நான் என்ன வேணா செய்வேன்." கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

இரவுச் சாப்பாட்டில் தொக்தார் எலும்போடு இருந்த நல்ல துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

ஜூன் 3

பேருந்தில் போகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பொய்.

ஜூன் 9, ஞாயிறு

மைதானத்துக்குப் போகவில்லை. விக்டர் போனில் சொன்னான்: கைசார் வோல்காவின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜப்பான் இன்ஜின் வைக்கப்போகிறானாம். "தொழிற்சாலைக்காரன் பழைய பேருக்குப் புது உடம்பு குடுத்தான். நாம பழைய உடம்புக்குப் புது உயிர் குடுப்போம்" என்று பேசித் திரிகிறானாம். அடுத்த வாரம் பட்டறைக்குப் போகிறது.

பாவி. அந்த இருமல், அந்த முணுமுணுப்பு, குளிரில் அது முனகுகிற முனகல் — அதுதானடா வண்டி! மற்றதெல்லாம் தகரம்.

போய்க் கேட்கலாமா? எந்த வாயால்? வேண்டாம் என்று வீறாப்பாய்ச் சொன்ன அதே வாயாலா?

தொக்தாரிடம் சொல்லி அழுதேன். அவர் அந்த வண்டியில் ஏறினாலே முதுகு வலிக்கிறது என்கிற மனுஷன். "அழாதே, வெறும் இரும்பு" என்றார். எரிச்சலாக வந்தது. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 14

மதியம் கைசார் மருத்துவமனைக்குப் போன் செய்தான். நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்க, நான் கையுறையோடு நின்று கேட்டேன்.

"மருமகளே, உன் வீட்டு அறுபது வயசுக் குழந்தை என் வாசல்ல நிக்குது. கூட்டிட்டுப் போ."

"யாரு?"

"யாரா? என் மாப்ளே! சட்டைக்கு மேல கோட்டு, தலையில தொப்பி. 'மாமா, நான் உங்க வீட்டுப் பொண்ணு பெத்த பிள்ளை. தாய்வீட்டுச் சனத்துக்கிட்ட மூணு தடவை கேக்க எனக்கு உரிமை இருக்கு. இந்த வயசு வரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கேட்டதில்ல. இப்போ கேக்கறேன், அந்த வண்டியைக் குடுங்க'ங்கறார். மருமகன் கேட்டு இல்லேன்னு சொன்ன மாமன் எங்க வம்சத்துல உண்டா? என் சம்சாரம் சிரிச்சுச் சிரிச்சுத் தரையில உக்காந்துட்டா."

"நீ என்ன சொன்னே?"

"மூணையும் இதுக்கே செலவழிக்காதீங்க மாப்ளே, ஒண்ணு போதும்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நல்லதாப் போச்சு. பட்டறைக்கு அனுப்ப எனக்கும் மனசு வரல."

தொக்தார்! யாரிடமும் ஒரு தீக்குச்சி கேட்கக் கூச்சப்படுகிறவர். பசியோடு வந்தாலும் இரண்டாம் முறை சோறு கேட்காதவர். கோட்டுப் போட்டுக்கொண்டு, ஜூன் வெயிலில், தன்னைவிடச் சின்னவன் வாசலில் பிள்ளையாக நின்றிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஆளோடு குடித்தனம் பண்ணுகிறேன். இன்றைக்குப் போல ஒருநாளும் இவர்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

நான் வீடு சேர்ந்தபோது வோல்கா வாசலில் பாதி நடைபாதையில் ஏறிக் குறுக்கே நின்றது. அவர் வியர்த்துப்போய் இன்னும் உள்ளேயே இருந்தார். சாவிக்குக் கை நீட்டினேன்.

"இது என் வண்டி" என்றார். "என் மாமன் குடுத்தது. வேணும்னா பக்கத்துல உக்காரு."

ஜூன் 17

தொக்தார்தான் வேலைக்குக் கொண்டுவிட்டார். சந்தை முனையில் இரண்டு முறை நின்றுபோனது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். நடந்து போயிருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.