விலை குறையாது என்ற வாக்கியம்

மூதூர்ப் படகுக்காக இறங்குதுறையில் நின்றபோது கைப்பேசி ஒலித்தது. கணினி விளையாட்டு விற்கும் இணையக் கடையின் அறிவித்தல்: நீங்கள் செய்த இரண்டாவது விளையாட்டு அடங்கிய பொதியின் விற்பனை இன்றோடு முடிகிறதாம். முன்பின் அறியாத வேறு பல விளையாட்டுகளோடு சேர்த்துக் கட்டி, ஒரு தேநீரும் வடையும் வாங்கும் விலைக்கு விற்கிறார்கள். தனியொருவராக நீங்கள் வருடக்கணக்கில் இருந்து செய்தது அது. படகு வந்தது. நான் ஏறவில்லை.

உங்கள் முதலாவது விளையாட்டை வெளியான அன்றே முழு விலைக்கு வாங்கினேன். சில கிழமைகளிலேயே விலையைப் பாதியாக்கினீர்கள். பிறகு அதுவும் ஒரு பொதிக்குள் போயிற்று. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கடித வரைவுகளைத் திருத்துபவன் என்பதால் முறைப்பாட்டையும் முறைப்படியே எழுதினேன்: "பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முதல் நாளில் வாங்கியது என் பிழை என்று கற்பித்துவிட்டீர்கள்."

சாம்பல்தீவுக் கரையில் இருவரும் மீன் வாங்க நின்றபோது அதை உரத்து வாசித்துச் சிரித்தீர்கள். "ஐசே, கூட்டாளிக்கு எழுதக்குள்ளயும் 'விடயம்' எண்டு போட்டு, கீழ கோடு கீறித்தான் எழுதுவியளோ?" பிறகு மீனைக் காட்டினீர்கள். "விடியவெள்ளன வந்தவன் கூடக் குடுக்கிறான். மத்தியானம் விலை விழுது. ஆரும் கோவிக்கினமோ?"

"மீன் பழுதாகும். உங்கட கேம் பழுதாகுமோ?"

சிரிப்பு நின்றது. "ஓம், அது சரி," என்றீர்கள்.

இரண்டாவது விளையாட்டின் விற்பனைப் பக்கத்தை என்னிடமே திருத்தத் தந்தீர்கள். கடைசி வரி உங்களுடையது: இதன் விலை ஒருபோதும் குறைக்கப்படாது. 'இப்போதைக்கு' என்று சேர்க்கச் சொன்னேன்.

"அப்பிடிப் போட்டா அது வாக்கில்லை, ஐசே. முதல் வாறவன் ஏமாறக் கூடாது."

முதலில் வர ஓரிருவரைத் தவிர ஆளே இருக்கவில்லை. விளையாட்டைப் பலரும் பாராட்டினார்கள். விருப்பப்பட்டியலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். விலைக்கழிவு எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக மறுமொழி எழுதினீர்கள். காத்திருக்க அவர்களைப் பழக்கியவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை நீங்கள் மறுத்ததில்லை. குறைத்தால் முந்தி வந்தவன் முட்டாளாகிறான். குறைக்காவிட்டால் ஒருவனும் வருவதில்லை. இதற்கு நியாயமான ஒரு விதியை எழுத எத்தனையோ தடவை முயன்றேன். முடியவில்லை. அவர்களால் காத்திருக்க முடிந்தது. நோய் உங்களைக் காத்திருக்க விடவில்லை.

உங்கள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின் உங்கள் தங்கை வந்தார். "அண்ணை, கேமைப் பொதியில சேர்க்கக் கடைக்காரர் கேக்கினம். குடுக்கட்டோ? ஒருத்தரும் விளையாடாமக் கிடக்குது."

"குடுங்கோ தங்கச்சி," என்றேன்.

இப்போது பலரிடம் இருக்கிறது. பக்கத்தின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பொதியோடு வந்தது. இன்னும் திறந்து பார்க்கவில்லை." அதற்குக் கீழே முழு விலை கொடுத்த ஒருவர் உங்கள் கடைசி வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை.

"அந்த வரியை எடுத்துவிடுங்கோ அண்ணை, பொய்யாக் கிடக்கு," என்கிறார் தங்கை. அவர் சொல்வது சரி. கழிவு விலைக்கு நேர் கீழே அப்படியொரு வாக்கு நிற்கக் கூடாது. பக்கத்தைத் திருத்தும் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் திறக்கிறேன், அந்த வரியைத் தெரிவு செய்கிறேன், அழிக்காமல் மூடுகிறேன். பிழையென்று தெரிந்தும் நான் திருத்தாமல் விட்டிருக்கும் வாக்கியம் அது ஒன்றுதான்.