சாமி பேசும்போது அடித்த மேளம்

பெங்களூரு, 12.6.2003

அன்புள்ள அப்பாவுக்கு, கோகிலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சுகம்.

இன்று ஒலிப்பதிவில் ஒரு சின்னத் தப்பு. பேய் வேகப் பாட்டு; இரண்டு காலாலும் டிரம்ஸை மிதித்துக்கொண்டிருந்தேன். பாடகர் அடித்தொண்டையில் உறுமியதும் என் கை தானாக நின்றுவிட்டது. நம் பெரியசாமி கோயிலில் அருள் வந்து சாமி வாய் திறந்தால் மேளத்தை நிறுத்துவோமே, அந்தப் பழக்கம்.

“ஏங்கண்ணு நிறுத்திப்போட்டே?” என்றார், என்னை வேலைக்கு அழைத்துவந்த தரணிதரன் அண்ணன்.

“சாமி பேசுதுன்னு நெனச்சேனுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நாளையும் நின்றால் வேறு ஆள் வைப்பார்களாம்.

நிறுத்தாமல் அடிக்கப் பயமாக இருக்கிறது, அப்பா. காலுக்குத் தேய்க்க எண்ணெய் அனுப்புங்கள். பெரியசாமியிடம் என் பேர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். இந்தக் கடிதம் மலையேறி நம் ஊருக்கு வருமுன் அடித்து முடித்திருப்பேன். எதற்கும் கேட்டு வையுங்கள்.

கோகிலா