டூமியின் விரல்கள்

எல்மைரா
1987 அக்டோபர் 14

வெண்டலுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கல்லறைகளைத் தேடும் நம் சங்கத்தின் இதழ் இன்று வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். முதல் பக்கத்தில் உன் படம். ஆஸ்விகோ கல்லறைத் தோட்டத்தில், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, ஒரு புதுக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். கல்லில் இரண்டு மட்டைகளைக் குறுக்காகச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே, 'பேட்ரிக் டூமி, எல்மைரா அணியின் கேட்சர், 1885.'

டூமி என் ஆள். பதினோரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தவன். ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனவன். அன்றைய பத்திரிகையில் 'டூமி' என்பதைத் தவிர முதல் பெயர்கூடக் கிடையாது. "ஒரு நாள் ஆடினவனை எவன் தேடுவான், விடு" என்று நீ எத்தனை முறை என்னைக் கேலி செய்திருப்பாய். இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனபோது காபிப் பாத்திரத்தை எடுத்துப் போனாய், நான் கேட்கவில்லை. டூமியைப் பற்றி நான் சேர்த்த தாள்கள் இருந்த கோப்பும் காணோம். சட்டைகளோடு தவறிப் போயிருக்கும், திருப்பி அனுப்புவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மண்டு நான்.

கட்டுரையில் என் பெயர் எங்கே என்று தேடினேன். கடைசிப் பத்தியில், நூலகருக்கும் கல் செதுக்கியவருக்கும் நடுவில், 'திருமதி ப்ரூஸ்டருக்கும் நன்றி.' முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னோடு கல்லறை கல்லறையாக அலைந்தவளுக்கு அந்த 'உம்' போதும் என்று நினைத்தாய் போலிருக்கிறது.

அதைக்கூட விட்டுவிடுவேன். ஒருவனைக் கண்டுபிடித்தால் அவன் தலைமாட்டில் நின்று அவன் ஆடிய ஆட்டத்தை வாசித்துக் காட்டுவது நம் வழக்கம். டூமிக்கு மட்டும் நான்தான் வாசிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். நீ வாசித்துவிட்டாய். அதையும் போட்டிருக்கிறார்கள், மேற்கோள் குறியோடு.

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. இன்று அதை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

லோர்னா


ரோச்செஸ்டர்
அக்டோபர் 21

அன்புள்ள லோர்னா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்கத் தைரியம் வரவில்லை. அந்தக் காபிப் பாத்திரம் ஒழுகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். தம்பி வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் வெந்த முட்டைக்கோஸ். அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொள்.

கோப்பை நான் திருடவில்லை. அது நம் கோப்பு. ஆஸ்விகோவுக்கு வேறு ஒருவனைத் தேடிப் போனேன். கடைத்தெருவில் டூமி என்ற பெயரைச் சொன்னதும், ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கும் திருமதி டிரேயரிடம் அனுப்பினார்கள். அவருடைய தாத்தா பேட்ரிக் டூமி. சுவரில் படம் மாட்டியிருந்தது. மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை முழங்கால்மேல் வைத்திருக்கிறார். இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. மூன்றாவது, மர வேர் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

லோர்னா, நீயே சொல். கையுறை இல்லாத காலத்தில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி, வருகிற பந்தையெல்லாம் வெறுங்கையால் பிடித்தவனுக்கு வேறு எப்படிப்பட்ட கை இருக்கும்? எத்தனை கேட்சர்களின் கையைப் படத்தில் பார்த்திருக்கிறோம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கல்லைத் திறந்து வைத்த அன்று திருமதி டிரேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுபத்தொன்பது வயது அவருக்கு.

உன்னிடம் ஒரு பழக்கம் உண்டு. தேடிக்கொண்டே இருப்பாய், முடிக்க மாட்டாய். யாராவது முடிக்க வேண்டாமா?

அந்தத் தாளில் நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அது எனக்கு ஆறுதல். இலை துளிர்க்கும்போது வீட்டுக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

என்றும் உன்
வெண்டல்


எல்மைரா
நவம்பர் 30

வெண்டலுக்கு,

முடிக்க மாட்டேன் என்றாய் அல்லவா. முடித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நீ எப்போதும் ஆட்ட முடிவுகள் வந்த பக்கத்தைத்தான் படிப்பாய். நான் யாரும் படிக்காத பக்கங்களைப் படித்தேன். பன்றி விலை, பாலம் பழுது, ஏழை விடுதியில் யார் செத்தார்கள். 1911 பிப்ரவரியில் மூன்று வரி வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

'ரயில்வே முன்னாள் தொழிலாளி மார்ட்டின் டூமி கவுன்டி ஏழை விடுதியில் காலமானார். கேட்சருக்குக் கை உடைந்த ஒரு நாள் நம் ஊர் அணிக்காக ரயில் கொட்டடியிலிருந்து கூட்டி வரப்பட்டு, ஐந்து பந்துகளைக் கோட்டைவிட்டவர் இவரே என்று பழையவர்கள் நினைவுகூர்கிறார்கள்.'

ஐந்து பந்து. நம் ஆட்டக் குறிப்பிலும் ஐந்துதான். வெண்டல், அவன் இங்கேயே இருக்கிறான். நம் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். நாம் ஆப்பிள் வாங்கப் போகிற வழியில், விடுதிக்குப் பின்னாலிருக்கும் வயலில், எண் போட்ட ஒரு சிமென்ட் முளைக்குக் கீழே. எண்ணை விடுதிப் பதிவேட்டில் பார்த்துவிட்டேன். அவனைத் தாண்டித்தான் இத்தனை வருஷம் கார் ஓட்டிக்கொண்டு எங்கெங்கோ போனோம்.

அப்படியானால் ஆஸ்விகோவில் மட்டைகளுக்குக் கீழே படுத்திருக்கிற மனிதர் யார்? அந்த விரல்கள் எப்படிப் போயின என்று அந்த அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாயா?

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தவறு உன்னுடையது, திருத்தமும் உன் கையால் வரட்டும். வசந்த இதழில், உன் பெயரில். அதைப் போட்டுவிட்டு நீ வீட்டுக்கு வரலாம். தாளைக் கிழித்து அடுப்பில் போடுகிறேன். இவ்வளவு கோபத்திலும் இதை எழுதுகிறேன் என்றால், நீ கொஞ்சம் யோசித்துப் பார்.

லோர்னா


ரோச்செஸ்டர்
டிசம்பர் 9

லோர்னா,

பழைய பத்திரிகையில் மூன்று வரியைப் பார்த்துவிட்டு என்னைத் தூக்கில் போடக் கிளம்பிவிட்டாய். 'பழையவர்கள் நினைவுகூர்கிறார்கள்' என்பதெல்லாம் ஒரு சாட்சியா? அந்தக் கையை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

விரல் எப்படிப் போயிற்று என்று ஒரு வயதான பெண்மணியிடம் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? அவர் மில்லு, கில்லு என்று ஏதோ ஆரம்பித்தார். குடும்பக் கதைகள் எப்படித் திரிந்துபோகும் என்று உனக்கே தெரியும்.

நீ சொல்வதே சரி என்று வைத்துக்கொள்வோம். அதனால் யாருக்கு என்ன லாபம்? வயல்காட்டில் கிடக்கிறவனுக்குத் தெரியப் போகிறதா? அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறார். வாழ்நாளில் முதல்முறையாகத் தாத்தாவைப் பற்றிப் பெருமைப்படுகிறார். அவரிடம் போய், 'கல்லைத் திருப்பிக் கொடுங்கள், ஆள் மாறிவிட்டது' என்று சொல்லும் நெஞ்சழுத்தம் எனக்கு இல்லை. உனக்கு இருக்கிறது. செத்தவர்களிடம் காட்டுகிற அக்கறையில் பாதியை உயிரோடு இருக்கிறவர்களிடம் நீ காட்டியிருந்தால், நான் ஏன் தம்பி வீட்டு நிலவறையில் படுத்திருக்கிறேன்?

திருத்தம் பற்றி ஆசிரியரிடம் பேசுகிறேன். அவசரப்படுத்தாதே. கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பிடித்த கொட்டை போட்ட கேக்கை அனுப்புகிறேன்.

வெண்டல்


எல்மைரா
1988 மார்ச் 18

வெண்டல்,

வசந்த இதழ் வந்துவிட்டது. திருத்தம் இல்லை. அதற்குப் பதிலாக, 'கேட்சர்களின் கைகள்' என்று நான்கு பக்கத்துக்கு உன் கட்டுரை. அட்டையில் பேட்ரிக் டூமியின் விரல்களைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள்.

உன் டிசம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மில்லு, கில்லு என்று ஏதோ ஆரம்பித்தாராம். அந்த அம்மாள் சொன்னார். உன் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் கல் வைத்தாய். தெரியாமல் செய்த தவறு என்று இத்தனை நாள் உனக்காக நானே எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நம் கல்யாணத்திலும் இதேதான் நடந்தது. நான் சொல்ல ஆரம்பிப்பேன். உனக்கு வேண்டியது அதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். மிச்சத்தை நீ கேட்டதே இல்லை.

கேக் வந்தது. பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன். அது நன்றாகச் சாப்பிட்டது.

அடுத்த வாரம் சனிக்கிழமை நான் ஆஸ்விகோ போகிறேன். அந்த அம்மாளின் மனசு உடைந்துவிடும் என்று நீ நிஜமாகவே பயந்தால், அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு.

லோர்னா


ரோச்செஸ்டர்
மார்ச் 23

லோர்னா, கெஞ்சிக் கேட்கிறேன், போகாதே. அவருக்கு இதய நோய் இருக்கலாம். கோடை இதழில் கட்டாயம் போட்டுவிடலாம். மே மாதம் பெட்டியோடு வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம். வெ.


எல்மைரா
ஏப்ரல் 24

வெண்டலுக்கு,

உன் தபால் அட்டை நான் கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது. இருந்தாலும் போனேன். உடனே உனக்கு எழுதாததற்குக் காரணம் கடைசியில் வரும்.

திருமதி டிரேயர் கடையில் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், "உங்கள் தாத்தா பேஸ்பால் ஆடினவர் இல்லை" என்று நேராகப் போட்டு உடைத்துவிட்டேன்.

"எங்க தாத்தாவா? பந்தா? அவருக்குப் பந்துன்னாலே ஆகாதும்மா. தெருப் பசங்க பந்து உள்ள வந்து விழுந்தா, எடுத்து அடுப்புல போட்டுடுவாரு" என்றார். "வெரலு மரம் அறுக்கற மில்லுல போச்சு. பதினேழு வயசுல. ஊருக்கே தெரியும்."

"அப்படின்னா ஏன் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்ல வாயத் தொறந்தேன், விட்டாத்தானே? போட்டோவப் பாத்ததும் மனுஷனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. பொண்டாட்டியும் கூட இல்லைன்னாரு. சரி பாவம், சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கல்லைத் திறந்த அன்று அழுதீர்களாமே என்றேன்.

"அழுதேனா? ஏரிக் காத்தும்மா அது. செப்டம்பர்ல வந்து நின்னு பாருங்க, உங்களுக்கும் வரும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கஷ்டம். அவருக்குப் பக்கத்துல எனக்கு எடம் வாங்கி வச்சிருக்கு. காலாகாலத்துக்கும் அந்த மட்டையைப் பாத்துக்கிட்டா நான் படுத்துக் கெடக்கறது?"

கேட்டாயா? நீ அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. அவர்தான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். உன் மனம் நோகக்கூடாது என்று தன் சொந்தத் தாத்தாவின் தலைமாட்டில் ஒரு பொய்யை நிற்க விட்டார். முப்பது வருஷமாக நானும் அந்த வேலையைத்தான் பார்த்தேன்.

நேற்று அவர் தன் டிரக்கை ஓட்டிக்கொண்டு இங்கே வந்தார். "எங்க தாத்தா யாரு மட்டைய வச்சிக்கிட்டுப் படுத்திருக்காருன்னு நானும் பாக்கணும்ல" என்றார். இரண்டு பேரும் விடுதி வயலுக்குப் போனோம். முளையைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது, கையாலேயே பிடுங்கினோம். நான் வாசித்தேன். நான்கு முறை அடிக்க வந்தான், ஒன்றும் அடிக்கவில்லை. ஐந்து பந்துகளை விட்டான். ஏழாவது சுற்றில், திருட்டுத்தனமாக இரண்டாம் தளத்துக்கு ஓடிய எதிரணிக்காரன் ஒருவனை, பந்தை அங்கே எறிந்து ஆட்டமிழக்கச் செய்தான்.

"அவ்வளவுதானா?" என்றார் திருமதி டிரேயர்.

"அவ்வளவுதான்."

"இதுக்கா பதினோரு வருஷம்?"

"ஆமாம்."

குனிந்து முளையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "சரி, இன்னொரு தடவை படிங்க. காத்துல பாதி கேக்கலை" என்றார். மறுபடி முழுவதும் வாசித்தேன். ஏழாவது சுற்று வந்தபோது அவர் கை தட்டினார்.

திருத்தத்தை என் பெயரில் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். கல்லில் இருக்கும் மட்டைகளையும் அந்த வரியையும் தேய்த்தெடுக்கத் திருமதி டிரேயர் ஆள் பேசிவிட்டார். கல் செதுக்கும் கடையில் உன் விலாசம் இருக்கிறதாம், அதனால் பில் உனக்கு வரும்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். ஆறு மாதமாக, பாத்திரம் கழுவும்போதும் கார் ஓட்டும்போதும், உன்னைத் திட்டுவதற்கு மனதுக்குள் வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது. ஆஸ்விகோவிலிருந்து திரும்பிய பிறகுகூட நின்றபாடில்லை. அப்படியே எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன் என்றுதான் எழுதாமல் இருந்தேன். நேற்று வயலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வரியும் ஓடவில்லை. வேண்டுமென்றே தேடிப் பார்த்தேன், எதுவும் கிடைக்கவில்லை. நீ வரலாம் என்று நவம்பரில் எழுதியபோது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கோபம் இருந்தவரை உனக்கு இந்த வீட்டில் இடம் இருந்தது.

மே மாதம் பெட்டியைக் கட்டாதே. தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். டூமியின் கோப்பு உன்னிடமே இருக்கட்டும், எனக்கு இனி அது தேவையில்லை.

நலமாக இரு, வெண்டல்.

லோர்னா